நாரைக்கு ஒப்பனை

பறவைகளைப் படம் பிடிப்பது இப்போது நம் ஜில்லாவில் ஒரு கௌரவமான பொழுதுபோக்காகிவிட்டது. இதில் எனக்குச் சந்தோஷமே. முன்பெல்லாம் குளத்தங்கரையில் ஒருவன் கையில் எதையோ நீட்டிக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனால், அது துப்பாக்கியாக இருக்கும். இல்லாவிட்டால் கண்ணியாக இருக்கும். இப்போது அது காமிராவாக இருக்கிறது. டாக்டர்கள், பாங்கு உத்தியோகஸ்தர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, காபிகூடக் குடிக்காமல் குளங்களைத் தேடிப் போகிறார்கள். நாரைகளுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் குண்டுக்குத் தப்பிய நாரை, படமாக வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு கம்ப்யூட்டரில் படுகிற பாடு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற தை மாதம் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் பறவைப் படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். அறுபது படங்களுக்குக் குறையாது. எல்லாம் தாமிரபரணிப் பாசனத்துக் குளங்களிலும் கூந்தன்குளத்திலும் எடுத்தவை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். அப்படி எழுதிப் போட்டது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் அவை எந்தத் தேசத்தில் எடுத்தவை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. படத்துக்குப் படம் நடுவில் ஒரு பறவை. சுற்றிலும் பாலில் பச்சைச் சாயத்தைக் கலந்துவிட்டாற் போல ஒரு மங்கல். கரை இல்லை, மடை இல்லை, கருவேல முள் இல்லை, ஒரு பனைமரம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பனைமரம் விழாமல் ஒரு திசையைப் படம் எடுப்பதற்கு எவ்வளவு பிரயாசைப்பட வேண்டும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு நத்தைகுத்தி நாரையின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இந்த நாரையின் அலகு மூடினாலும் முழுக்க மூடாது. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில், பாக்குவெட்டியின் வாயைப் போல ஒரு சந்து விழுந்திருக்கும். நத்தையைப் பிடித்துச் சதையை வெளியே எடுத்துத் தின்கிற பறவை அது. இங்கிலீஷ்காரன் அதற்குப் பெயர் வைத்ததே அந்தத் திறந்த வாயைப் பார்த்துத்தான். கண்காட்சிப் படத்திலோ சந்து பாதிக்கு மேல் தூர்ந்து போயிருந்தது. அலகு கச்சிதமாக மூடியிருந்தது. இறகுகள் ஒவ்வொன்றும் சீவி வைத்தது போலப் படிந்திருந்தன. கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி பளபளத்தது.

பக்கத்தில் நின்ற இளைஞர்தான் அதை எடுத்தவர். மரியாதையான பிள்ளை. “நல்லா இருக்கா, அண்ணாச்சி? கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணியிருக்கேன்” என்றார். நான் அலகைக் காட்டிக் கேட்டேன். அவர் கிட்டே போய்ப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “அதை நான் தொடவே இல்லை, அண்ணாச்சி. சாஃப்ட்வேர் பண்ணியிருக்கும்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மங்கிய படத்தைக் கூர்மையாக்கிக் கொடுக்கிற ஒரு யந்திர அறிவு இப்போது வந்திருக்கிறது. எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகிய அறிவு அது. தெரியாத இடத்தில், தான் பார்த்துப் பழகியதை வைத்து நிரப்பிவிடும். நாரை என்றால் வாய் மூடியிருக்கும் என்று அதற்கு ஓர் அபிப்பிராயம், ஆகவே மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த இனத்தில் குஞ்சுகளுக்குத்தான் அந்தச் சந்து கிடையாது. வளர வளரத்தான் உண்டாகும். ஆகவே படத்தில் நின்றது உடம்பால் வளர்ந்து வாயால் வளராத ஒரு புதுப் பிராணி. இது அங்கே ஒரு படத்துக்கு நேர்ந்த விபத்து என்றால் விட்டுவிடலாம். மற்றப் படங்களில் நடந்திருந்ததெல்லாம் விபத்து அல்ல.

வர்ணத்தை எடுத்துக்கொள்வோம். நம் குளங்களில் இருக்கிற கூழைக்கடா சாம்பல் நிறம். நிறம் என்றுகூடச் சொல்ல முடியாது. பல தடவை வெளுத்து நைந்த வேட்டியின் அழுக்கு வெள்ளை. அலகின் ஓரத்தில் கருநீலப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கண்காட்சியில் அதைச் சலவைக்குப் போட்டு எடுத்தது போல வெளுத்து வைத்திருந்தார்கள். வெள்ளைக் கூழைக்கடா என்று ஒன்று உண்டு. அது வேறு ஜாதி. நம் பக்கத்தில் அதைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால் பறவை தெரிந்தவர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். இங்கே ஒரு விசையை இழுத்துவிட்டதில் ஜாதியே மாறிப் போகிறது.

மஞ்சள்மூக்கு நாரை இருக்கிறது. சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். அதன் வால் பக்கத்தில் கொஞ்சம் ரோஜா நிறம் உண்டு. வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு, இளசுக்குக் கிடையாது. இனவிருத்திக் காலத்தில் அந்த நிறம் தூக்கலாகும், பிறகு மங்கும். பூநாரையின் சிவப்போ அது தின்கிற இரையிலிருந்து உடம்பில் ஏறுவது. ஆகவே பறவையின் நிறம் என்பது அழகு சமாசாரம் மட்டும் அல்ல. வயது என்ன, மாதம் என்ன, இரை கிடைத்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. நாரையின் வால் பக்கத்தை மணப்பெண்ணின் கூறைப்புடவை மாதிரி ஆக்கினால், பார்க்கிறவன் ‘ஆகா’ என்பான். படிக்கத் தெரிந்தவனுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

பறவையைத் திருத்துகிற ஆசை காமிராவோடு பிறந்தது அல்ல. அமெரிக்காவின் பறவைகளையெல்லாம் மிகப் பெரிய காகிதத்தில் வரைந்து 1827 முதல் 1838 வரை வெளியிட்ட ஆடுபன், பறவைகளைச் சுட்டு, கம்பியைக் கோத்துத் தமக்கு வேண்டிய தோரணையில் நிறுத்தி வைத்துத்தான் வரைந்தார். ஆனால் அவர் அதை ஒளிக்கவில்லை. தாம் வரைந்தது சித்திரம் என்றும் சொல்லிக்கொண்டார். காமிரா வந்த பிறகு, இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார்கள். பறவை மிரளக் கூடாது என்பதற்காகப் பிற்பாடு அவர்கள் எருதின் தோலால் ஒரு பொய் மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் காமிராவோடு நின்று எடுத்தார்கள். அந்தக் காலத்தில் படத்தைச் சீர்படுத்துவது என்றால் மாட்டின் வயிற்றுக்குள் நுழைவது என்று அர்த்தம். மனிதன் தன்னைத்தான் மாற்றிக்கொண்டான், பறவையை அல்ல.

இருட்டறை வித்தைகளும் எனக்குத் தெரியாதவை அல்ல. பிலிம் காலத்தில் காகிதத்தின் மேல் கையால் நிழல் கொடுத்து ஒரு பாகத்தை வெளுக்கச் செய்வார்கள், இன்னொரு பாகத்தைக் கூடுதலாகக் காயவிட்டுக் கறுக்கச் செய்வார்கள், ஓரங்களை வெட்டுவார்கள். இதையெல்லாம் நான் குற்றம் சொல்லவில்லை. கண் பார்த்த வெளிச்சத்தை லென்ஸ் அப்படியே பார்ப்பதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வேண்டும். இருந்ததைத் தெரியும்படி செய்வது ஒன்று. இருந்ததை இல்லாமல் செய்வதும், இல்லாததை இருக்கச் செய்வதும் வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு சில சமயம் மங்கலாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கிளையை அழிக்கிறபோது அந்தக் கோடு மங்கலாக இல்லை.

“கதை எழுதுகிற உமக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை? நீர் பண்ணாத திருத்தமா?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் மூன்று கிழவிகளைச் சேர்த்து ஒரு கிழவி பண்ணுகிறவன். தச்சநல்லூரில் நடந்ததைச் சேரன்மகாதேவியில் நடந்ததாக எழுதுவேன். வாசகருக்கு அது கதை என்று தெரியும். நானும் அட்டையிலேயே நாவல் என்று போட்டுத்தான் விற்கிறேன். போட்டோவை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. “இந்தப் பறவை இந்த இடத்தில் இப்படி நின்றது” என்கிற சாட்சியம் அதில் இருப்பதாக நம்பித்தான் அதைப் பார்க்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காட்டித்தான் கண்காட்சியும் நடக்கிறது, பரிசும் கொடுக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் நடத்துகிற போட்டியில் 2017இல் பரிசு பெற்ற ஓர் எறும்புத்தின்னியின் படத்தை, அது பாடம் செய்து வைத்த எறும்புத்தின்னி என்று தீர்மானித்து 2018இல் தள்ளிவிட்டார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். படம் என்னவோ அற்புதமான படம்தான். அற்புதமாக இருந்து என்ன?

இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்ட அசலூர்க்காரர்கள் வேண்டியதில்லை. மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18ஆம் தேதி அவர் காலமான அன்றுகூட அவருடைய கட்டுரை அச்சாகி வந்திருந்தது. தமிழிலும் எழுதினார், அவை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுப்பாக வந்திருக்கின்றன. தமிழில் உரைநடை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய புத்தகம் அது. பறவையில் அக்கறை இல்லாவிட்டாலும் படிக்கலாம்.

கிருஷ்ணன் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே பூட்டிய ஒரு யந்திரம் அவரிடம் இருந்தது. அதன் கனத்தைத் தாமே கேலி செய்கிற மாதிரி ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு யானைக்குப் பக்கத்தில் கால்நடையாகப் போவார். அவருடைய படங்களும் எழுத்தும் சேர்ந்த பெரிய புத்தகம் ஒன்று 2006இல் வெளிவந்தது. அந்தப் படங்களைப் பார்த்த கண்ணோடு கண்காட்சிப் படங்களைப் பார்த்தால் வித்தியாசம் புலனாகும். மிருகத்துக்கு முன்னால் புல் மறைக்கிறது. மறைக்கட்டும் என்று விட்டிருக்கிறார். கிளை குறுக்கே போகிறது, போகிறது. சில படங்கள் ஒரே சாம்பலாக, சப்பென்று இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது எந்த மாதிரிக் காடு, எந்தப் பருவம், மிருகம் எந்த மனநிலையில் இருக்கிறது என்று ஒரு படத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசலாம். இத்தனைக்கும் அவர் நன்றாகச் சித்திரம் வரையத் தெரிந்தவர். தம் கட்டுரைகளுக்குத் தாமே படம் போட்டவர். அழகாக மாற்ற வேண்டுமென்றால் அவருக்குத் தூரிகை இருந்தது. காமிராவிடம் அவர் அதைக் கேட்கவில்லை.

உடனே, கிருஷ்ணனைப் போலக் கரடுமுரடாக எடுத்தால்தான் சத்தியம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி. என். ஏ. பெருமாள், ஆந்தைகளையும் பக்கிகளையும் இரவில் எடுத்த படங்களில் ஒரு குறை சொல்ல முடியாது. வெளிச்சம், இடம், தோரணை எல்லாம் அளந்து வைத்தாற் போல இருக்கும். ஆனால் அந்த அளவெல்லாம் விசையை அழுத்துவதற்கு முன்னால் எடுத்தவை. இருட்டில் மணிக்கணக்காகக் காத்திருந்து, பறவை எங்கே வந்து உட்காரும் என்று தெரிந்துகொண்டு, விளக்கை அதற்குத் தக்கபடி வைத்து எடுத்தவை. அழகுக்கு நான் விரோதி அல்ல; அது எங்கே சம்பாதிக்கப்படுகிறது என்பதில்தான் என் வழக்கு.

கூந்தன்குளத்துக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர், நாங்குநேரிப் பக்கம். மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் பறவைகள் வரும். 1994இல் சரணாலயம் ஆயிற்று. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். இதெல்லாம் சர்க்கார் பலகையில் இருக்கிற விவரம். பலகையில் இல்லாத விவரம் ஊருக்குள் இருக்கிறது. அங்கே நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை. தெருவில் இருக்கிற மரத்தில், வீட்டு முற்றத்து வேம்பில், ஓட்டுக்கூரைக்கு மேலே கவிந்திருக்கிற கிளையில் கட்டுகின்றன. கீழே ஆட்டைக் கட்டியிருப்பார்கள். மேலே நாரை குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். மரமும் கூரையும் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்தாற் போல வெளுத்துக் கிடக்கும். அந்த எச்சம் விழுந்த மண்ணை வயலுக்கு உரமாக அள்ளுகிறார்கள். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிறார்கள்.

கண்காட்சியில் கூந்தன்குளத்துப் படங்கள் பதினைந்து இருபது இருந்தன. ஒன்றில்கூட ஓடு இல்லை, ஆடு இல்லை, மின்சாரக் கம்பி இல்லை, எச்சம் இல்லை. மரங்களின் இலையெல்லாம் கழுவித் துடைத்த பச்சை. ஒரு படத்தில் நாரையின் காலடியில் குறுக்கே ஓடிய எதையோ அழித்திருந்த தடம் தெரிந்தது. துணி காயப்போடுகிற கொடியாக இருக்கலாம். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் இந்தக் கொடி விவகாரத்தை நானே பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், பெரிய லென்ஸோடு நின்றுகொண்டு, கொடியில் கிடக்கிற சேலையைக் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று அந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டார். ஆச்சி கோபப்படவில்லை. “பறவையே ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்கு என்னய்யா தொந்தரவு?” என்று கேட்டுவிட்டு, ஈரச் சேலையை இன்னும் கொஞ்சம் விரித்துப் போட்டாள்.

ஓட்டையும் கொடியையும் அழித்தால் எது போயிற்று? கூந்தன்குளத்துக்கே உரியது போயிற்று. மஞ்சள்மூக்கு நாரை வேடந்தாங்கலிலும் இருக்கிறது, ராஜஸ்தானத்தில் பரத்பூரிலும் இருக்கிறது. மனிதர்களின் முற்றத்தில் அது குடியிருக்கிற ஊர்கள் மிகச் சில. அந்த நாரை அங்கே இருப்பதற்குக் காரணமே அந்த ஆச்சிதான். காரணத்தை அழித்துவிட்டுக் காரியத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறோம். நாளைக்கு அந்தப் படத்தைப் பார்க்கிற ஓர் அதிகாரி, பறவைகள் காட்டில்தானே இருக்கின்றன, ஊர்க்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தால், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

“மனிதச் சுவடு இருந்தால் இயற்கைப் படப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே” என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் விதியைப் பாதிதான் படித்திருக்கிறார். உலக அளவில் போட்டோக் கலைக்கு விதி வகுக்கிற பெரிய சங்கங்கள் மூன்று, 2014இல் கூடி இயற்கைப் படத்துக்கு ஒரு பொது இலக்கணம் செய்தன. அதன்படி, படத்தில் உள்ள எதையும் சேர்க்கவோ இடம் மாற்றவோ அழிக்கவோ கூடாது. ஓரத்தை வெட்டலாம், அவ்வளவுதான். மனிதன் செய்த பொருள்கள் வரக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் மனிதன் மாற்றியமைத்த இடத்தில் வாழப் பழகிய பிராணிகளுக்கு விலக்கு உண்டு. அதற்கு அவர்கள் பெயர் சொல்லிக் காட்டுகிற உதாரணங்களில் ஒன்று நாரை. நமக்காகவே எழுதி வைத்தது போல இருக்கிறது. எதை அழிக்கக் கூடாது என்று விதி சொல்கிறதோ அதை அழித்துவிட்டு, விதிக்காக அழித்தேன் என்கிறோம்.

சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்னார். அவர் பார்த்தது எந்த நாரை என்று பறவை சாஸ்திரிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். எந்த நாரையானால் என்ன, அது பனை நிற்கிற நாட்டில் பார்த்த நாரை என்பதில் விவாதம் இல்லை. நம் கண்காட்சிக்காரர்கள் பனையை முதலில் அழித்துவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் நடப்பதாவது பறவைக்கு வலிக்காது. குளத்தில் நடக்கிற திருத்தம் வலிக்கும். கூட்டை மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்’ என்பார்கள். நாரைக் குஞ்சு வெயில் தாங்காது. தாய் இறக்கையை விரித்துக் குடை பிடிப்பதை யாரும் பார்க்கலாம். அந்தக் கிளை போனால் உச்சிவேளை வெயில் நேரே குஞ்சின் மேல் இறங்கும். காக்கைக்கும் பருந்துக்கும் கூடு தெரியும். இன்னும் சிலர் பறக்கிற படம் வேண்டும் என்று கல்லை விட்டெறிந்து கூட்டத்தைக் கிளப்புகிறார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து, வந்த இடத்தில் இரை தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். ஒரு காலைப்பொழுதில் நாலு தடவை அதைக் கிளப்பினால், அது தின்றது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? கூடுகளைக் கிட்டே போய் எடுத்த படங்களைப் போடுவதில்லை என்று இங்கே சில பத்திரிகைகள் வைத்திருக்கிற கட்டுப்பாடு மிகச் சரியானது. தெருவிலிருந்து தெரிகிற கூட்டைத் தெருவிலிருந்தே எடுப்பது வேறு விஷயம்.

சரி, படத்தை நன்றாக்குவதற்கு வழியே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. எல்லாம் காலிலும் முழங்காலிலும் இருக்கிறது.

குளத்துக் கரையின் மேல் நின்றுகொண்டு எடுத்தால், பறவை தண்ணீரின் மேல் ஒட்டவைத்த சீட்டு மாதிரி இருக்கும். கரைச் சரிவில் இறங்கிக் குந்தினால், அல்லது வேட்டி அழுக்கானாலும் பரவாயில்லை என்று படுத்தால், பறவையின் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். அதே பறவை, அதே லென்ஸ். ஆனால் இப்போது அதற்கு ஒரு முகம் வந்துவிடும். பின்னால் உள்ள கரையும் தூரத்துக்குப் போய்த் தானாகவே மென்மையாகிவிடும். அழிக்காமலே அடங்கியிருக்கும்.

நம் ஊர் வெயிலை ஏமாற்ற முடியாது. ஒன்பது மணிக்கு மேல் குளத்தின் மேல் கானல் ஓட ஆரம்பித்துவிடும். தூரத்துப் பறவையை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸால் எடுத்தாலும் அது நெளியும். அந்த நெளிவைத்தான் பிறகு கூர்மையாக்குகிறேன் பேர்வழி என்று யந்திர அறிவிடம் கொடுத்து, அலகை மூடிக்கொண்டு வருகிறார்கள். ஆறரை மணிக்குப் போயிருந்தால் இந்த வேலையே இல்லை. வெள்ளைக் கொக்கு விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பின்னால் தண்ணீர் கறுப்பாக இருந்தால் காமிரா அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். கொக்கு வெறும் சுண்ணாம்பாகிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும். எரிந்துபோன வெள்ளையில் பிறகு இறகைத் தேடினால் கிடைக்காது, வரைந்தால்தான் உண்டு.

பறக்கிற படத்துக்குக் கல் வேண்டாம். காற்று தெரிந்தால் போதும். பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் நமக்கு வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. காலைச் சூரியனும் ஏறக்குறைய அந்தப் பக்கந்தான். இரண்டுக்கும் முதுகைக் காட்டி நின்றால், இறங்க வருகிற கூழைக்கடா முகத்தில் வெளிச்சத்தோடு நம்மை நோக்கியே வரும். விசையின் வேகத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியது. காத்திருப்பதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் மூன்று மணி நேரம் உட்காருகிறவர்களுக்குக் குளத்தங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை.

இப்படி எடுத்த படம் ஒன்று அந்தக் கண்காட்சியிலும் இருந்தது. வெளியே போகிற வழியில், குடிதண்ணீர்ப் பானைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். யாரோ பள்ளிக்கூடப் பையன் எடுத்தது என்றார்கள். முற்றத்து மரத்தில் ஒரு நாரை, கீழே ஓட்டுக்கூரையில் பாதி வெள்ளையாய் வழிந்திருக்கிறது, வாசலில் ஒரு பெண் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் நாரையைப் பார்க்கவில்லை, நாரையும் அவளைப் பார்க்கவில்லை. குறைகள் உண்டு. மின்கம்பம் ஒன்று நாரையின் முதுகிலிருந்து முளைத்தது போல நிற்கிறது. பையன் இடது பக்கம் இரண்டடி நகர்ந்திருந்தால் அது விலகியிருக்கும். பறவை கண்ணை ஜவ்வு மூடிய கணத்தில் விசையை அழுத்திவிட்டான். இன்னும் ஒரு விநாடி பொறுத்திருக்கலாம். ஆனால் அறுபது படங்களில் ஊரும் பறவையும் ஒன்றாக இருந்தது அது ஒன்றில்தான். அதன் அடியில்தான் பென்சிலால் தேதியும் தெருவின் பெயரும் எழுதியிருந்தது.

தேதியும் இடமும் என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்கக் கூடாது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் வருஷந்தோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மணிமுத்தாற்றில் இருக்கிற அகஸ்தியமலை மக்கள்சார் இயற்கைவள மையத்தார் முன்நின்று நடத்துகிறார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் நோட்டுப் புத்தகமும் தொலைநோக்கியுமாகக் குளம் குளமாய்ப் போய் எண்ணுகிறார்கள். எந்தக் குளத்தில் எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை, குளத்தில் தண்ணீர் இருந்ததா, அமலை மூடியிருந்ததா என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். கண்காட்சிப் படங்களில் முக்கால்வாசி அவர்களுக்கு ஒரு காசுக்கு உதவாது. அமலையையும் கரையையும் முதலிலேயே அழித்தாயிற்று. பள்ளிக்கூடப் பையனின் படம் உதவும்.

இந்தச் சமாசாரத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கூந்தன்குளம்வரை போக வேண்டியதுகூட இல்லை. திருநெல்வேலி டவுனில் நயினார்குளம் இருக்கிறது. தண்ணீர் இருக்கிற மாதங்களில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அங்கே சாதாரணம். கரையை ஒட்டிக் காய்கறி மார்க்கெட்டு. விடியற்காலையில் லாரிகள் வந்து நிற்கும், மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பறவைகள் அதைச் சட்டை செய்வதில்லை. ஏழு மணிக்கு முன்னால் போனால் பக்கவாட்டு வெளிச்சம் நன்றாகக் கிடைக்கிறது. கூழைக்கடாவுக்குப் பின்னால் லாரி வரும், லாரியோடேயே எடுக்கலாம். நம்பர் பலகை விழுவது பிடிக்காவிட்டால் பத்தடி தள்ளி நின்றுகொள்ளலாம்.